கடைசி மூன்று கிரெடிட்

அறையை ஒரு சுற்று காட்டச் சொன்னார்கள். இளம்பரிதி லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆரத்தி எடுக்கிற பெண்பிள்ளை மாதிரி நிதானமாக இடமிருந்து வலமாகச் சுற்றிக் காட்டினான். மூன்று இரட்டைக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை, அத்தனையும் இன்றைக்கு விலக்கிக் கட்டியிருந்தது. ஆறு ஆண்பிள்ளைகளின் குடித்தனம் கேமராவுக்கு முன்னால் வெட்கங்கெட்டுப்போய் நின்றது. கொடியில் லுங்கிகள், கட்டிலுக்கடியில் வெங்காய மூட்டை, காதர் பாயின் தைல பாட்டில்கள், ஆளுக்கொரு சாமி படம். மூட்டைப்பூச்சி மருந்து வாடையைக் காட்டச் சொல்லவில்லை, நல்லவேளை. மேசைக்கு அடியில் காட்டு என்றார்கள், காதைக் காட்டு என்றார்கள், முழுக்கைச் சட்டையை மடித்து விடு என்றார்கள். உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்து அவனைக் கண்காணிக்கிறதோ அந்த ஆளுக்கு முகமும் கிடையாது, குரலும் கிடையாது. திரையோரத்துப் பெட்டியில் எழுத்து மட்டும் வந்து விழும். அறையில் வேறு யாரும் இல்லையே என்று எழுத்து கேட்டது. இல்லை என்று தட்டினான். பொய்யில்லை. ஷார்ஜாவில் ஒற்றைக் கட்டிலுக்கு வாடகை கொடுத்துப் பெட் ஸ்பேஸில் கிடக்கிறவனுக்குத் தனியறை என்பது செத்தால்தான் கிடைக்கும், ஆனால் இன்று கிடைத்திருந்தது. காதர் பாய் ஜும்மாவுக்குக் கிளம்பிவிட்டார். மற்ற மூன்று பேரும் இந்த ஆகஸ்ட் வெயிலில் எந்தக் கடையின் ஏசியில் ஓசிக் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறார்களோ. சூசையண்ணன் மட்டும் போகவில்லை. கிடங்கில் ராத்திரி முழுக்கக் காவல் பார்த்துவிட்டு வந்து, பல்கூடத் தேய்க்காமல், ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வெளியே நடையில் போய் உட்கார்ந்துவிட்டார். நடையில் ஏசி கிடையாது. "வாசல்ல நான் இருக்கேன் தம்பி. எந்தப் பய உள்ள வாரான்னு பாத்துக்கிடுதேன். நீ நல்லா எழுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். போன தடவை நடந்தது அப்படி. பரீட்சை பாதியில் தொப்பி எடுக்க மறந்துபோன காதர் பாய் ஓசைப்படாமல் உள்ளே வந்தார், ஓசைப்படாமல் வெளியே போனார், கேமரா பார்த்துவிட்டது. அத்தோடு பரீட்சை ரத்து. மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு பாடத்துக்கு இரண்டு தடவைதான். இன்றைக்கும் போனால் அடுத்து எழுத ஆறு மாசம் காத்திருக்க வேண்டும், ஆறு மாசத்துக்கு இங்கே அவன் இருக்கப்போவதில்லை.

முதல் கேள்வி வந்தது. எதற்காக அந்தக் கால்வாயை வெட்டினார்கள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. அமெரிக்க வரலாறு. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்து, ஏசிக் குழாய் எந்தச் சுவரில் நுழைந்து எந்தச் சுவரில் வெளியேறும் என்று பதினேழு வருஷமாகப் படம் வரைந்து தள்ளுகிறவனுக்கு அமெரிக்காக்காரன் எங்கே வாய்க்கால் வெட்டினால் என்ன. ஆனால் இதற்கு மூன்று கிரெடிட். மற்றதெல்லாம் முடித்தாயிற்று, இதை வாங்கிவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த வித்தையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் படுத்துக்கொண்டே செல்போனில் கண்டுபிடித்தான். இணையத்தில் சின்னச் சின்னப் பாடமாக எடுத்துப் படிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் கிரெடிட். சிறுவாடு சேர்ப்பது மாதிரி சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் மொத்தத்தையும் ஒரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்தால் அவர்கள் ஏற்றுக்கொண்டு, தங்கள் பங்குக்கு இரண்டு மூன்று பாடம் வைத்து, பி.பி.ஏ. பட்டம் கொடுத்துவிடுவார்கள். நாலு வருஷப் படிப்பு ஒரு வருஷத்தில். மாசாமாசம் சந்தா, அதனால் வேகமாகப் படிக்கிறவனுக்கு மலிவு. அவன் வேகமாகப் படித்தான். கம்பெனி வேனில் படித்தான், கக்கூஸ் வரிசையில் நின்று படித்தான். உளவியல் படித்தான், மேலாண்மை படித்தான், கடலைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, அதையும் படித்தான். ஒன்றும் மண்டையில் தங்கவில்லை என்பது வேறு கதை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தானே, அதற்கு என்ன கொடுப்பீர்கள் என்று முதலில் கேட்டுப் பார்த்தான். ஒன்றும் கிடையாது என்று பதில் வந்தது. மூன்று வருஷம். ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை அரம் போட்டுப் போட்டு, உள்ளங்கை கொப்பளித்து, மூலைமட்டத்தை வைத்தால் வெளிச்சம் கசியக்கூடாது, கசிந்தால் திரும்பவும் அரம். அந்தக் கொப்பளம் கணக்கில் வராது. பதினேழு வருஷமாக வரைந்த படங்கள் கணக்கில் வராது. அந்தப் படங்களின்படி குளிர்ந்துகொண்டிருக்கிற கட்டிடங்கள் இந்த ஊரில் எத்தனை, அதுவும் வராது. படுத்துக்கொண்டு பார்த்த கடல் வீடியோவுக்கு மூன்று கிரெடிட். அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டான்.

இரண்டாவது, மூன்றாவது. ரயில் பாதை யார் போட்டார்கள். எப்போதும் போல யாரோ கூலிக்காரன் போட்டிருப்பான், அந்தப் பதில் நாலில் இல்லை. கம்பெனி மேனேஜர் நல்ல மனுஷன்தான். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். புது ஒப்பந்தக்காரன் கேட்கிறான், வரைபடப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறவன் டிகிரி வைத்திருக்க வேண்டுமாம், எந்த டிகிரியானாலும் சரி, விசா புதுப்பிக்கிறதுக்குள் கொண்டு வா, இல்லையென்றால் என் கையில் ஒன்றும் இல்லை. எந்த டிகிரியானாலும் சரி. அந்தச் சொல்தான் அவனை அதிகமாக நோகடித்தது. அவனுக்குக் கீழே வேலை பழகின பையன் பி.ஏ. தத்துவம், அவனுக்குக் கவலையில்லை. ஊரில் மனைவி கங்காதேவிக்கு இது எதுவும் தெரியாது. என்னங்க, ஏதோ படிக்கிறீங்களாமே என்று ஒருநாள் கேட்டாள், சூசையண்ணன் போனில் உளறியிருக்கிறார். சும்மா பொழுதுபோக்குக்கு என்றான். பொழுதுபோக்கு. வீடு பாதியில் நிற்கிறது, மேல்தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை இல்லை, மகள் அடுத்த வருஷம் பத்தாவது. நாற்பதை நெருங்குகிறவன் ஊருக்குத் திரும்பிப் போய் எந்தக் கதவைத் தட்டுவது. போகிற கதவிலெல்லாம் என்ன படித்திருக்கிறாய் என்றுதான் கேட்பான். வாய் முணுமுணுக்கக்கூடாது என்று பெட்டியில் எழுத்து வந்தது. முணுமுணுத்தானா? உதட்டைக் கடித்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படி, கேள்வியை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு அவன் முகம் தெரிந்தது, கேமரா பார்க்கிற படம். முகத்துக்குப் பின்னால், இடது காதை ஒட்டி, கதவு. கதவுக்கு அடியில் நடையிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு கோடு. அதைப் பார்ப்பதற்குத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை, திரையைப் பார்த்தாலே போதும். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சின்ன இருட்டு, சூசையண்ணன் உட்கார்ந்திருக்கிற இடம். அதைப் பார்க்கப் பார்க்கத் தைரியமாக இருந்தது.

பாதிக் கேள்வி தாண்டியிருக்கும், கதவில் தொம் என்று ஒரு சத்தம். பலமாக இல்லை. தேங்காய் மூட்டை சாய்ந்த மாதிரி. கூடவே "மாதாவே" என்று ஒரு முனகல், இழுத்தாற்போல, அப்புறம் ஏதோ தரையில் உரசி இறங்கியது. அவன் கழுத்து தானாகத் திரும்பப் போனது, இழுத்துப் பிடித்தான். மூலையிலிருந்த படத்தைப் பார்த்தான். கதவுக்கடியில் வெளிச்சக் கோடு இல்லை. முழுக்க இருட்டு. ஒன்றுமில்லை, அண்ணன் கால் மாற்றி உட்கார்ந்திருப்பார். கால் மாற்றினால் கோடு முழுக்கவா மறையும். எழுந்து நின்றிருப்பார். நின்றால் கோடு இன்னும் அதிகமாகத் தெரிய வேண்டும். தூங்கிவிட்டார், ராத்திரி முழிப்பு, அந்த மனுஷன் நின்றுகொண்டே தூங்குவார். அப்படியென்றால் அந்த மாதாவே? அவர் குனிந்தால் மாதாவே, நிமிர்ந்தால் மாதாவே, அதற்கெல்லாம் பயந்தால் முடியுமா. சுகர்க்காரர். காலையில் சாப்பிட்டாரா? சாப்பிடவில்லை. நீ எழுதி முடி, சேர்ந்து சாப்பிடுவோம் என்றார். ஊசி போட்டாரா? ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால்தான் ஆபத்து என்று போன நோன்பு மாசத்தில் படிக்கட்டில் விழுந்து கிடந்தபோதுதான் இவர்களுக்கே தெரியும். அன்றைக்கும் இப்படித்தான், கத்தவில்லை, கூப்பிடவில்லை, மாதாவே என்று ஒரு சொல், அப்படியே சரிந்துவிட்டார். பரிதிதான் சீனியை அள்ளி வாயில் போட்டான். பல் கிட்டியிருந்தது, விரலால் நெம்பித்தான் போட்டான், இன்றைக்கும் ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்த விரல்தான் இப்போது மவுஸின் மேல் இருந்தது. கேள்வி: தீவில் வந்து இறங்கிய குடியேறிகளின் மேல்சட்டையில் சாக்பீஸால் குறியிட்டது எதற்காக? இது தெரியும். நோயாளியை அடையாளம் காட்ட. கப்பலில் வந்து இறங்கியவனை மாடிப்படி ஏறச் சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, மேல்சட்டையில் ஒரு எழுத்தைக் கிறுக்குவார்களாம். படிக்கும்போது அவனுக்கு இங்கே வந்த புதிதில் விசா மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. சரியான பதிலை அழுத்தினான். அழுத்தியதும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கேமராக்காரரிடம் கேட்டால் என்ன. தட்டினான்: வெளியே ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன், கதவைத் திறந்து ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா. பெட்டியில் மூன்று புள்ளி ஓடியது, நின்றது, ஓடியது. கேமராவை விட்டு விலகினால் தேர்வு முடிந்ததாகக் கருதப்படும், திரையைப் பாருங்கள். அவ்வளவுதான். கோபம் வரவில்லை. அதுவும் எங்கோ ஆறு கட்டில் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு கூலிக்கு முறைக்கிற பிள்ளையாக இருக்கலாம், அதற்கு மேலே ஒரு மேனேஜர் இருப்பான். சரி, வேகமாக முடித்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் சீக்கிரம் முடியும், ஆனால் நூற்றுக்கு எழுபது வேண்டும், கண்ணை மூடினால் எழுபது வராது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் நிதானம். ஒரு கேள்வி. இன்னொரு கேள்வி. படத்தில் இருட்டு அப்படியே இருந்தது. தனபால் ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று எத்தனையோ வருஷமாக ஒதுக்கி வைத்திருந்த ஆள், சரியாக வந்து நின்றான். ஷார்ஜாவுக்கு வருமுன் தேரா பகுதியில் இருந்த பழைய அறையில் இவனுக்கு மேல்கட்டில். ஒரு விடியற்காலையில் மேலே கர்ர் என்று ஒரு சத்தம், குறட்டை மாதிரி, ஆனால் குறட்டை இல்லை. பரிதி விழித்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தான், வேனுக்கு நேரமாகிவிட்டது, அலுத்துப்போய்த் தூங்குகிறவனை எதற்கு எழுப்புவது என்று விட்டுவிட்டான். சட்டை மாட்டிக்கொள்ளும்போது கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவன் கையைத் தோளால் தள்ளிவிட்டுக்கூடப் போனான். கை குளிர்ந்துதான் இருந்தது, ஏசிக் குளிர் என்று நினைத்தான். ஏசியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாயிற்றே. சாயங்காலம் வந்தபோது போலீஸ் இருந்தது. யாருக்கும் ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான். கேள்வி வந்து நின்றது, எழுத்துகள் தெரிந்தன, வரி சேரவில்லை. திரும்பவும் படித்தான். வாய் முணுமுணுக்கக்கூடாது என்று வந்தது.

இல்லை, இது வேறு, அது வேறு. அண்ணன் கெட்டி ஆள். கடலோரத்தில் வளர்ந்த உடம்பு. மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம் வைத்திருக்கிறார், அதற்குள் ஒன்றும் ஆகாது. பத்திரிகை அடிக்கப் போகிற சந்தோஷத்தில்தான் மனுஷன் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பின பெயர் வரிசையை எல்லோரிடமும் காட்டினார், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பட்டம், பெரியப்பா எம்.ஏ., சித்தப்பா பி.இ., மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும்தான் இல்லை. நம்ம பக்கம் ஒருத்தனுக்குக்கூட இல்லையே தம்பி, மொட்டையா நிக்குதே என்று சிரித்துக்கொண்டே சொன்னார், கண் சிரிக்கவில்லை. அப்புறம் அவரே வழி கண்டுபிடித்தார். வரவேற்கிறவர்களில் பெண்ணின் சித்தப்பா என்று உன் பேரைப் போடுதேன், அதுக்குள்ள நீ எழுதி முடிச்சிருவேல்லா. அந்தச் சித்தப்பா இப்போது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறான். இருட்டு அசையவில்லை. அசையாத இருட்டையும் அசைகிற கடிகாரத்தையும் ஒரே திரையில் வைத்தவன் எவனோ. இன்னும் கொஞ்சம்தான், பத்துப் பன்னிரண்டு கேள்வி, இதுவரை போட்டதில் முக்கால்வாசி சரி, எழுபது வந்துவிடும், கையில் வந்து நிற்கிறது, ஒருவேளை செத்தே போயிருந்தால் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆவதால் என்ன என்று ஓடியது. அப்படி நினைத்தது தான்தானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். அப்போது வெளியே செல்போன் அடித்தது. அண்ணனுடையது, மாதா கோயில் மணி, மகள் வைத்துக் கொடுத்தது. அடித்தது. அது மகள் அழைத்தால் மட்டும் அடிக்கிற மணி. அந்த மணி கேட்டால் குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்பு நுரையோடு ஓடி வருகிற ஆள். சாப்பாட்டுக் கையோடு எடுக்கிற ஆள். இரண்டாவது அடியைத் தாண்டவிட்டு எடுத்ததாக இத்தனை வருஷத்தில் அவன் பார்த்ததில்லை. அடித்தது, எதற்கு அடியிலோ அமுங்கினாற்போல அடித்தது, எடுக்கவில்லை. எடுங்கண்ணே. எடுத்துவிடுங்கண்ணே, உங்களைக் கும்பிடுகிறேன். நின்றது. திரும்ப அடித்தது. உதடு முணுமுணுக்கிறது என்று பெட்டியில் எழுத்து வந்ததை அவன் பார்த்தான், அதற்குப் பின்னால் படத்தில் தன் முகத்தையும் பார்த்தான், அது தனபாலுடைய கையைத் தள்ளிவிட்டுப் போனவனின் முகமாக இருந்தது. நாற்காலி பின்னால் விழுந்தது. கதவுக்கு நாலே எட்டு. அந்த நாலு எட்டிலும் அவன் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவை உள்பக்கம் இழுத்தான். சூசையண்ணன் வாசலை முழுக்க அடைத்துக் குறுக்கே படுத்துக் கிடந்தார். தலையணை சுவர்ப் பக்கம் போயிருந்தது, பனியன் தெப்பலாக நனைந்திருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன.

"அண்ணே!"

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்றார் அவர்.

 பரிதி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்தான். அவருடைய நெற்றியைத் தொட்டான், கன்னத்தைத் தொட்டான். சூடாக இருந்தார். உயிரோடு இருந்தார். 

"என்னப்பா பாக்குத? ஒண்ணுமில்ல. உக்காந்திருந்தா மேல்மாடிப் பயலுவ தாண்டித் தாண்டிப் போறானுவ. எவனாவது கதவத் தள்ளிட்டான்னா? அதான் குறுக்க படுத்துட்டேன். படுக்கும்போது தல கதவுல முட்டிட்டு. உனக்குக் கேட்டுட்டோ?"

"இல்லண்ணே."

"மகதான் அடிச்சிட்டே இருக்கா. பேசினா உள்ள உனக்குச் சத்தம் கேக்கும்லா. இந்தச் சனியன அமுக்கவும் தெரியல, வயித்துக்கு அடியில வச்சிக்கிட்டுக் கெடந்தேன்." வயிற்றுக்கடியிலிருந்து செல்போனை எடுத்து லுங்கியில் துடைத்தார். அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். "எழுதிட்டியா நல்லா?"

உள்ளே லேப்டாப் பக்கமிருந்து ஒரு சின்ன ஒலி வந்தது. பெட்டியில் எழுத்து விழுகிற ஒலி. என்ன எழுதியிருக்கும் என்று அவன் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பரிதி அண்ணனுடைய ஈரப் பனியனைப் பார்த்தான். தலை முட்டின இடத்தில் நெற்றி சிவந்திருந்தது.

"எழுதிட்டேன்ணே."

"எனக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியும்" என்று எழுந்து உட்கார்ந்தார், உட்காரும்போது மாதாவே என்றார். செல்போன் திரும்ப அடித்தது. இந்தத் தடவை ஒரே அடியில் எடுத்தார். "ஆமாம்மா, சொல்லு. அச்சாபீஸ்லயா நிக்க? இரு, இரு, சித்தப்பா இங்கதான் நிக்கான், இப்பதான் பரீட்ச முடிச்சிட்டு வாரான்." செல்போனைக் கையால் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு, இந்தத் தடவை கண்ணும் சிரித்தது. "பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கானாம், இப்பவே சொல்லணுமாம். உன் பேருக்குப் பின்னால என்ன போடணும்பா?"

"வெறும் பேர் போதும்ணே."

"அடக்கத்தப் பாரேன் இவனுக்கு." அவர் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "சும்மா சொல்லுடே. ஊர் பாக்கட்டும்."

 சொல்ல வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று பரிதி நினைத்தான். சொன்னால் அண்ணன் எதனால் என்று கேட்பார், எதனால் என்று சொன்னால் அவர் காதர் பாய் மாதிரி சாப்பிடமாட்டார், கல்யாணத்தன்றைக்கும் சாப்பிடமாட்டார்.

"பி.பி.ஏ." என்றான்.

சூசையண்ணன் செல்போனைக் காதில் வைத்து, நடை முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு தடவையும் சொன்னார்.